சேவலா... புறாவா? போடி மலையடிவாரம் நடத்திய ‘அமெரிக்க பிரைமரி’!

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் டிக்ஸ்வில் நாட்ச் என்று ஒரு குக்கிராமம். அதிபர் தேர்தல் வரும் வருடங்களில் உலகத் தொலைக்காட்சிகளின் கேமராக்கள் எல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நள்ளிரவு 12 மணி அடித்ததும் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போடுவார்கள். சில நிமிடங்களில் எண்ணி, முடிவையும் அறிவித்துவிடுவார்கள். 2024 ஜனவரியில் அங்கே பதிவான ஓட்டுகள் மொத்தமே ஆறு. ஆறும் நிக்கி ஹேலிக்கு. விடிந்து மாநிலம் முழுக்க ஓட்டுப் பதிவாகி முடிந்தபோது ஜெயித்தவர் டொனால்டு டிரம்ப்.

நம்ம ஊர் போடி மலையிலும் இப்படிப்பட்ட ஊர்கள் உண்டு. ஊத்துக்காடு போன்ற கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை மேல்தான் ஏறிப்போகும். ஜீப் பாதை முடிகிற இடத்தில் இறங்கி, அதிகாரிகளும் போலீஸாரும் பின்னாலேயே நடந்து போவார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் பத்திரிகைகளில் அந்தப் புகைப்படம் வந்துவிடும்.

இரண்டுமே மலைக்கிராமம். இரண்டிலுமே சில ஓட்டுகளுக்காகப் பெரிய ஏற்பாடு. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். டிக்ஸ்வில் நாட்ச்சின் அந்த ஆறு பேர் ஜனவரியில் போட்டது அதிபரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு அல்ல. அதிபர் தேர்தலில் தங்கள் கட்சி சார்பில் யார் நிற்க வேண்டும் என்பதற்கான ஓட்டு. அதற்குப் பெயர்தான் ‘பிரைமரி’. போடி மலைக்குக் குதிரை ஏறிவருகிற இயந்திரத்திலோ வேட்பாளர்களின் பெயர்கள் ஏற்கெனவே முடிவாகிவிட்டிருக்கும். அந்தப் பெயர் எங்கே, யாரால், எப்படி முடிவானது என்பதில் மலை மேல் இருப்பவருக்கும் பங்கு இல்லை, அடிவாரத்தில் கட்சிக் கொடி கட்டுபவருக்கும் பங்கு இல்லை.

ஒரே ஒருமுறை இருந்தது. அதுவும் இதே போடியில்!

விருப்ப மனுவும் பிரைமரியும்

நம்ம ஊரில் வேட்பாளர் ஆவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். கட்சித் தலைமை அலுவலகத்தில் விருப்ப மனு வாங்க வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு அ.தி.மு.க-வில் அதன் கட்டணம் 15,000 ரூபாய். தி.மு.க-வில் பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாய். பிறகு நேர்காணல். பிறகு காத்திருப்பு. ஒருநாள் பட்டியல் வரும். ஜெயலலிதா காலத்தில் பட்டியல் வந்த பிறகும் நிம்மதி கிடையாது. 2016-ல் 234 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் பட்டியல் வெளியிட்டவர், அடுத்தடுத்த நாள்களில் பல பெயர்களை மாற்றிக்கொண்டே இருந்தார். பட்டாசு வெடித்தவர்கள், மறுநாள் வேறு பெயருக்கு வெடிக்க வேண்டிவந்தது.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான். கட்சிப் பெரியவர்கள் அறைக்குள் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். 1912-ல் தியோடர் ரூஸ்வெல்ட் பெரும்பாலான பிரைமரிகளில் ஜெயித்தும், கட்சி மாநாடு வில்லியம் டாஃப்டுக்கே வாய்ப்பைக் கொடுத்தது. ரூஸ்வெல்ட் கோபித்துக்கொண்டு தனிக்கட்சி கண்டார். ஓட்டுகள் பிரிந்தன. எதிர்க்கட்சி ஜெயித்தது. (இந்தக் கதை தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தால் ஆச்சர்யமில்லை.)

1968-ல் நிலைமை முற்றியது. வியட்நாம் போரால் நாடே கொந்தளித்துக் கிடந்தபோது, ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ஃப்ரியை ஜனநாயகக் கட்சி சிகாகோ மாநாட்டில் வேட்பாளர் ஆக்கியது. உள்ளே கூச்சல், வெளியே தடியடி. அதற்குப் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். சாதாரண ஓட்டரின் கைக்கு முடிவு போனது.

புதிய விதிகளின்படி நடந்த முதல் அதிபர் தேர்தல் 1972-ல். அதே 1972-ல்தான், அக்டோபர் 17 அன்று, தி.மு.க-விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர் புதிய கட்சி தொடங்கினார். கட்சியின் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது, எம்.ஜி.ஆர் வகுத்த விதியாக அ.தி.மு.க-வினர் போற்றிவந்த விஷயம். மாவட்டச் செயலாளர்களோ பொதுக்குழுவோ அல்ல, உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரும்! காகிதத்தில் பார்த்தால் அது அமெரிக்க பிரைமரிக்கு ஒரு படி மேலே.

காகிதத்தில்.

97 எம்.எல்.ஏ-க்கள் ஒரு பக்கம்...

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர் மறைந்தார். அடுத்தது யார்? மனைவி ஜானகியா, கொள்கைபரப்புச் செயலாளராக இருந்த ஜெயலலிதாவா? எம்.எல்.ஏ-க்களில் 97 பேர் ஜானகி பக்கம். ஜெயலலிதா பக்கம் 33 பேர்தான். ஜானகி 1988 ஜனவரி 7 அன்று முதல்வரானார். அதே மாதம் 28-ம் தேதி சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு, அடிதடி, சபைக்குள் போலீஸ். ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. 24 நாள்களில் முடிந்துபோன ஆட்சி.

கட்சி இரண்டாக நின்றது. இரட்டை இலைச் சின்னத்தை தேர்தல் ஆணையம் முடக்கியது. ஜெயலலிதா அணிக்கு சேவல். ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. 1989 ஜனவரி 21 அன்று தேர்தல்.

இரண்டு தலைவிகளும் எங்கே நின்றார்கள் தெரியுமா? அக்கம்பக்கத்துத் தொகுதிகளில்! ஜெயலலிதா போடிநாயக்கனூரில். ஜானகி ஆண்டிபட்டியில். அப்போது தேனி மாவட்டம் உருவாகியிருக்கவில்லை. எல்லாம் மதுரை மாவட்டம்.

ஆண்டிபட்டி, எம்.ஜி.ஆரின் தொகுதி. 1984 தேர்தலின்போது அவர் நியூயார்க்கின் புரூக்ளினில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். பிரசாரத்துக்கு ஒருநாள்கூட வரவில்லை. அவர் சிகிச்சை பெறும் காட்சிகளைத்தான் தியேட்டர் தியேட்டராகப் போட்டுக் காட்டினார்கள். ஆண்டிபட்டி அவரை ஜெயிக்கவைத்தது. அமெரிக்காவில் இருந்துகொண்டே தமிழ்நாட்டில் ஜெயித்தவர் என்ற சாதனை இன்றுவரை அவருடையதுதான். அந்த ஊரில் அவர் மனைவி நிற்கிறார் என்றால் யாருக்கு சந்தேகம் வரும்?

போடியில் கதை இன்னும் சுவாரஸ்யம். ஜெயலலிதாவை எதிர்த்து ஜானகி அணி நிறுத்தியது ‘வெண்ணிற ஆடை’ நிர்மலாவை. 1965-ல் ஸ்ரீதர் இயக்கிய ‘வெண்ணிற ஆடை’தான் ஜெயலலிதாவுக்குத் தமிழில் முதல் படம். நிர்மலாவுக்கும் அதே படம். ஒரே படத்தில் அறிமுகமானவர்கள், 24 வருடங்கள் கழித்து ஏலக்காய் நகரத்தில் எதிரெதிரே. நிர்மலாவை 1986-ல் மேலவை உறுப்பினராக்க எம்.ஜி.ஆர் முயன்று, அது சிக்கலில் முடிந்து, மேலவையையே கலைத்த கதையும் உண்டு. அதைச் சொல்ல ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

அந்தச் சமயத்தில் போடியில் ஓர் அ.தி.மு.க குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் எம்.ஜி.ஆர் படம். அப்பா 1972-லிருந்து கட்சியில். அவருக்கு இந்தத் தேர்தல் தி.மு.க-வா அ.தி.மு.க-வா என்ற கேள்வியே அல்ல. அது எப்போதோ முடிவான விஷயம். நம்மாளில் யார் என்பதுதான் கேள்வி. ‘தலைவரோட வீட்டம்மாவை விட்டுட்டு எப்படி?’ என்று ஒரு மனம். ‘கட்சியைக் காப்பாத்த யாரால முடியும்?’ என்று இன்னொரு மனம். இதற்கு நடுவே, சேவலும் புறாவும் அடித்துக்கொண்டால் சூரியன் சுலபமாக உதித்துவிடும் என்ற பயம் வேறு. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு சின்னம், தம்பி ஒரு சின்னம் என்று சுவர் எழுதிய தேர்தல் அது.

அமெரிக்காவில் ஒரு கட்சிக்காரர் பிரைமரி சாவடிக்குள் நிற்கும்போது அவர் மனதில் ஓடுவதும் இந்த மூன்றுதான். பிடித்தவர் யார், தகுதியானவர் யார், ஜெயிக்கக்கூடியவர் யார்? அதிர்ஷ்டம் இருந்தால் மூன்றும் ஒரே ஆளாக இருக்கும்.

முடிவு வந்தது. தி.மு.க 150 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. ஜெயலலிதா அணிக்கு 27 இடங்கள், சுமார் 21 சதவிகித ஓட்டுகள். ஜானகி அணிக்கு சுமார் 9 சதவிகிதம்தான். இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். போடியில் ஜெயலலிதா 28,000-க்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது போடி எம்.எல்.ஏ-வாகத்தான். ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். அங்கே வென்றது தி.மு.க. ஜானகி அணியோடு கூட்டணி வைத்து, தனிக்கட்சி தொடங்கி திருவையாறில் நின்ற நடிகர் திலகம் சிவாஜி கணேசனும் அந்த அலையில் தோற்றுப்போனார்.

எம்.எல்.ஏ-க்களில் பெரும்பான்மை ஜானகிக்கு. மக்களில் பெரும்பான்மை ஜெயலலிதாவுக்கு. அறைக்குள் எண்ணிய எண்ணிக்கையை ஓட்டுச்சாவடியில் எண்ணிய எண்ணிக்கை அடித்துப்போட்டது. ஜானகி அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு அரசியலிலிருந்து ஒதுங்கினார். அடுத்த மாதமே இரண்டு அணிகளும் இணைந்தன. இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. மார்ச் மாதம் நடந்த மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்கள் இரண்டிலும் அ.தி.மு.க ஜெயித்தது.

அமெரிக்காவில் பிரைமரி முடிந்ததும் தோற்றவர் மேடையேறி ஜெயித்தவரின் கையைத் தூக்கிப் பிடிப்பார் அல்லவா? கிட்டத்தட்ட அதேதான் நடந்தது. ஒரே சிக்கல், தமிழ்நாட்டில் அந்த பிரைமரியை நிஜத் தேர்தலிலேயே நடத்தியதால் அதற்கு விலையாக ஆட்சியே போனது.

ஓ.பி.எஸ்... இ.பி.எஸ்...

அந்த 1989 தேர்தலில் ஓ.பன்னீர்செல்வம் ஜானகி அணியில் இருந்து நிர்மலாவுக்கு வேலைபார்த்தவர் என்று அவருடைய அரசியல் எதிராளிகள் இன்றுவரை சொல்லிக்காட்டுவதுண்டு. காலம் செய்த வேடிக்கை, அதே பன்னீர்செல்வத்தைத்தான் ஜெயலலிதா 2001-லும் 2014-லும் தன் இடத்தில் முதல்வராக உட்காரவைத்தார். பெரியகுளத்தில் இரண்டு முறை ஜெயித்த அவர், 2011, 2016, 2021 என மூன்று முறை போடியில் ஜெயித்தார்.

2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்ததும், 1987-ன் கேள்வி அப்படியே திரும்பி வந்தது. அடுத்தது யார்?

2017 பிப்ரவரி 7 இரவு மெரினாவில் பன்னீர்செல்வத்தின் தியானம், கூவத்தூர் விடுதியில் எம்.எல்.ஏ-க்கள், பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவாக 122 ஓட்டுகள், எதிராக 11 ஓட்டுகள். எல்லாம் டி.வி-யில் எல்லோரும் பார்த்ததுதான். இரட்டை இலை மறுபடி முடக்கம். இம்முறை ஓ.பி.எஸ் தரப்புக்கு மின்கம்பம், சசிகலா தரப்புக்குத் தொப்பி. அப்புறம் ஓ.பி.எஸ்ஸும் இ.பி.எஸ்ஸும் இணைந்தார்கள். 2017 செப்டம்பர் 12 அன்று கூடிய பொதுக்குழு, பொதுச்செயலாளர் பதவி ஜெயலலிதாவுக்கே என்று சொல்லி, ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரட்டை நாற்காலி போட்டது.

கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான். 2021 டிசம்பர் 1 அன்று விதியைத் திருத்தினார்கள். இந்த இரண்டு பதவிகளையும் அடிப்படை உறுப்பினர்கள் ஒரே ஓட்டில் இணைந்து தேர்ந்தெடுக்கலாம் என்று. உடனே தேர்தல் அறிவிப்பு. ‘ஒன்றரைக் கோடித் தொண்டர்கள்’ என்று மேடைக்கு மேடை சொல்கிற கட்சியில், அந்த ஒன்றரைக் கோடி பேரும் ஓட்டுப்போட்டால் எப்படி இருந்திருக்கும்! ஆனால், மனு கேட்டு வந்தவர்கள் விரட்டப்பட்டதாகப் புகார்கள் கிளம்பின. இருவரும் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. ஓட்டுப்பெட்டிக்கு வேலையே இல்லை.

ஏழு மாதங்கள்கூட அந்த இரட்டை நாற்காலி நிற்கவில்லை. 2022 ஜூன் 23, சென்னை வானகரம் பொதுக்குழுவில் ஒற்றைத் தலைமை கோஷம். ஜூலை 11 பொதுக்குழுவில் எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர், பன்னீர்செல்வம் நீக்கம். அதே நேரத்தில் ராயப்பேட்டை அலுவலக வாசலில் கல்வீச்சு, கட்டையடி. வழக்கு உயர் நீதிமன்றத் தனி நீதிபதியிடம் ஒரு பக்கம் சாய்ந்து, இரு நீதிபதிகள் அமர்வில் மறுபக்கம் சாய்ந்து, 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் எடப்பாடிக்கு ஆதரவாக முடிந்தது.

இந்த வழக்குகளில் பன்னீர்செல்வம் தரப்பு தூக்கிப் பிடித்த முக்கியமான வாதமே அந்தப் பழைய விதிதான். ‘தலைமையைத் தொண்டர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், பொதுக்குழு அல்ல.’ பின்னாளில் அவர் தன் அமைப்புக்கு வைத்த பெயரும் ‘தொண்டர்கள் உரிமை மீட்புக் குழு’. எடப்பாடி தரப்பின் பதில் எளிமையானது. பொதுக்குழு உறுப்பினர்களில் ஆகப்பெரும்பாலானோர் எங்களோடு இருக்கிறார்கள், அவர்கள் தொண்டர்களின் பிரதிநிதிகள், பிறகென்ன?

இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. ஜெயலலிதா பொதுச்செயலாளர் ஆன ஒவ்வொரு முறையும் போட்டியின்றித்தான் ஆனார். இருவரும் இணைந்து ஒருங்கிணைப்பாளர்கள் ஆனதும் போட்டியின்றித்தான். தொண்டரின் உரிமைக்காக வாதாடியவர், அந்த உரிமையை ஒருமுறை ஓட்டாகப் பார்க்கும் வாய்ப்பு தன் கையில் இருந்தபோது பயன்படுத்தவில்லை. ஜெயித்த தரப்போ, 2023 மார்ச்சில் பொதுச்செயலாளர் தேர்தலை அறிவித்தது. மனுத்தாக்கலுக்கு மார்ச் 18, 19 என்று இரண்டே நாள்கள். வாக்குப்பதிவு மார்ச் 26. போட்டியிட வேண்டுமானால் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், வேறு பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், தலைமைக் கழகப் பொறுப்பில் ஐந்து வருடங்கள் இருந்திருக்க வேண்டும். மனுத்தாக்கல் செய்தது எடப்பாடி பழனிசாமி மட்டும். மார்ச் 28 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த கையோடு பொதுச்செயலாளராக அறிவிக்கப்பட்டார்.

அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் பிரைமரியில் பெயர் வர கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் அந்தக் கையெழுத்துகள் சாதாரண ஓட்டர்களுடையவை. கடை வாசலில் நின்றுகூட வாங்கலாம்.

மனசா... கணக்கா?

அமெரிக்காவுக்குக் கொஞ்சம் போய் வரலாம். அங்கே எல்லா மாநிலத்துக்கும் ஒரே விதி இல்லை. ஃபுளோரிடாவில் எந்தக் கட்சியில் பெயரைப் பதிந்திருக்கிறீர்களோ அந்தக் கட்சியின் பிரைமரியில்தான் ஓட்டுப் போடலாம். நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள், இரண்டில் ஒரு கட்சியைத் தேர்ந்துகொண்டு போடலாம். அயோவாவின் ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களில் 2020 வரை ரகசிய வாக்குச்சீட்டுகூடக் கிடையாது. பள்ளிக்கூட மண்டபத்தின் ஒவ்வொரு மூலையும் ஒரு வேட்பாளருக்கு. பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எந்த மூலை என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆள் குறைவாக இருக்கும் மூலை கலைக்கப்பட, அங்கே நின்றவர்களை மற்ற மூலைக்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள்.

ஓட்டர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதற்கு 2020 நல்ல உதாரணம். அயோவாவில் ஜோ பைடனுக்கு நான்காவது இடம். நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது இடம். ஆட்டம் முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். பிப்ரவரி 29 அன்று சவுத் கரோலினாவில், அந்த மாநிலத்தின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் பைடனுக்குக் கைகாட்ட, அவர் பெரிதாக ஜெயித்தார். போட்டியில் இருந்த இரண்டு பேர் விலகி அவருக்கு ஆதரவு சொன்னார்கள். மார்ச் 3 அன்று ஒரே நாளில் பல மாநிலங்களைச் சுருட்டினார். பலருக்கு பைடன் மனதுக்குப் பிடித்த வேட்பாளர் அல்ல. ‘டிரம்ப்பை இவரால் தோற்கடிக்க முடியும்’ என்ற கணக்குதான்.

கணக்குப் பார்க்காமல் மனதுக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுத்த வருடமும் உண்டு. 1972! புதிய விதிகளில் தொண்டர்கள் தேர்ந்தெடுத்த ஜார்ஜ் மெக்கவர்ன், நவம்பர் தேர்தலில் 50 மாநிலங்களில் 49-ல் நிக்சனிடம் தோற்றார். தொண்டர்கள் கையில் முடிவைக் கொடுத்தால் கட்சி மூழ்கிவிடும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த உதாரணத்தைத்தான் எடுப்பார்கள். 1989-ன் போடியை அவர்கள் பார்த்ததில்லை.

நம் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸின் கதை இன்னும் விநோதம். 2020 தேர்தலுக்கான போட்டியில் இறங்கியவர், முதல் பிரைமரி வருவதற்கு முன்பே, 2019 டிசம்பரில் விலகிவிட்டார். 2024-ல் பைடன் ஜூலை மாதம் ஒதுங்கியதும், பிரைமரி எல்லாம் முடிந்திருந்த நிலையில், மாநாட்டுப் பிரதிநிதிகளின் ஆதரவோடு வேட்பாளர் ஆனார். தொண்டர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காதவர் என்று எதிரணி சொல்லிக்காட்டியது. 56 வருடங்கள் கழித்து ஹம்ஃப்ரியின் பெயர் மறுபடி அடிபட்டது.

இந்தியாவில் இதை முயன்று பார்க்காமல் இல்லை. 2014 மக்களவைத் தேர்தலில் ராகுல் காந்தி பதினைந்து தொகுதிகளில் காங்கிரஸ் வேட்பாளரை பிரைமரி மூலம் தேர்ந்தெடுக்கவைத்தார். வதோதராவில் ஓட்டெடுப்பில் ஜெயித்தவர் நரேந்திர ராவத். பிறகு அங்கே நரேந்திர மோடி நிற்கிறார் என்று தெரிந்ததும், ராவத் விலகிக்கொள்ள, மூத்த தலைவர் மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். 2022-ல் பஞ்சாபில் முதல்வர் வேட்பாளர் யார் என்று ஆம் ஆத்மி போன் மூலம் கேட்டது. 21 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்ததாகவும், அதில் 93 சதவிகிதம் பகவந்த் மானுக்கு என்றும் கட்சி அறிவித்தது. எண்ணியதும் கட்சி, அறிவித்ததும் கட்சி.

மூவரும் ஒரே வீட்டிலிருந்து!

போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிகாலையில் போடி, தேவாரம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக ஏறும். மேலே செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா, இடுக்கி மாவட்டம். இரண்டு பக்கமும் வாக்காளர் பட்டியலில் பெயர் வைத்திருப்பவர்கள் பிரச்னை இங்கே ஒவ்வொரு தேர்தலிலும் எழும். சட்டப்படி ஒருவருக்கு ஓரிடத்தில்தான் ஓட்டு. 2021-ல் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. 2024-ல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளாவுக்கு ஒரு வாரம் கழித்து ஏப்ரல் 26.

அந்த 2024 தேர்தல், 1989-ஐ வேறு விதத்தில் போடிக்கு ஞாபகப்படுத்தியது. தேனி மக்களவைத் தொகுதியில் முதலிடம் தி.மு.க-வின் தங்க தமிழ்ச்செல்வன். ஆண்டிபட்டியில் அ.தி.மு.க எம்.எல்.ஏ-வாக இருந்தவர், தன் பதவியை ராஜினாமா செய்து 2002-ல் ஜெயலலிதாவுக்குத் தொகுதியை விட்டுக்கொடுத்தவர். பிறகு தினகரன் பக்கம் போய், 2019-ல் தி.மு.க-வுக்கு வந்தவர். 2021-ல் போடியில் பன்னீர்செல்வத்திடம் சுமார் 11,000 ஓட்டுகளில் தோற்றவர். இரண்டாமிடம் டி.டி.வி.தினகரன். 1999-ல் அ.தி.மு.க சார்பில் பெரியகுளம் எம்.பி ஆனவர். மூன்றாமிடம் இரட்டை இலையில் நின்ற வி.டி.நாராயணசாமி. மூவருமே ஒரே வீட்டின் வாசலைத் தாண்டி வந்தவர்கள். தமிழ்ச்செல்வன் ஜெயித்தது இரண்டே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில்.

போடியின் பன்னீர்செல்வமோ அந்தத் தேர்தலில் தேனியில் நிற்கவில்லை. ராமநாதபுரத்தில் சுயேச்சையாக, பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயர், அதே இனிஷியலோடு வேறு சில பன்னீர்செல்வங்களும் மனு போட்டிருந்தார்கள். இரட்டை இலை வேட்பாளரை மூன்றாமிடத்துக்குத் தள்ளி இரண்டாமிடம் பிடித்தார். ஜெயித்தது தி.மு.க கூட்டணியில் இருந்த முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனி.

பிளவுக்குப் பிறகான வருடங்களில் தேனி மாவட்டத்தின் அ.தி.மு.க தொண்டர் அனுபவித்த குழப்பத்தை வெளியிலிருந்து சொல்வது சுலபம். சொந்த ஊர்க்காரர் ஒரு பக்கம். எம்.ஜி.ஆரின் சின்னம் ஒரு பக்கம். 1989-ல் சின்னம் முடங்கியிருந்ததால் ஆளைப் பார்த்து ஓட்டுப்போட முடிந்தது. 2024-ல் சின்னத்துக்கு ஓட்டுப்போட்டால் ஊர்க்காரருக்கு எதிராகப் போட்ட மாதிரி. ஊர்க்காரருக்குப் போட்டால் தலைவருக்குத் துரோகம் செய்த மாதிரி. கல்யாண வீட்டில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதே கேள்வியாகிவிட்ட வீடுகள் உண்டு. பக்கத்து ஆண்டிபட்டியில் 2019 இடைத்தேர்தலிலும் 2021-லும் தி.மு.க-வின் மகாராஜனும் அ.தி.மு.க-வின் லோகிராஜனும் எதிரெதிரே நின்றார்கள். இருவரும் உடன்பிறந்த அண்ணன் தம்பி. இரண்டு முறையும் அண்ணன்தான் ஜெயித்தார். அந்த வீட்டுக்காவது எந்தக் கட்சி என்பதில் குழப்பம் இல்லை.

போடியில் ஏலக்காய்க்கு இப்போது மின்னணு ஏலம். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏல மையத்தில் வியாபாரிகள் காயைக் கையில் வாங்கி, நிறம் பார்த்து, உருட்டிப் பார்த்து, கம்ப்யூட்டரில் விலை போடுகிறார்கள். விலை என்ன என்பது அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் திரையில் தெரியும்.

2023 மார்ச் 26 அன்று நடந்திருக்க வேண்டிய பொதுச்செயலாளர் தேர்தலில் போடியின் கிளைச் செயலாளர்களும் அட்டை வைத்திருக்கும் உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். இரண்டாவதாக ஒரு மனு வராததால் அன்று வாக்குப்பதிவு நடக்கவில்லை.